14 நாள் விடுப்பில் ஐலண்ட் பீக் (6,189 மீ): இந்தத் திட்டம் சரிவருமா?

கோவை_கார்த்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் டிங்போச்சேயில் ஒரு சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பள்ளத்தாக்கின் கோடியில் தனியாக நின்ற ஒரு மலையைக் காட்டி, "அதுதான் இம்ஜா சே, வெளியூர்க்காரர்கள் ஐலண்ட் பீக் என்பார்கள். நீங்களும் ஏறலாம்" என்றார் எங்கள் வழிகாட்டி. அன்றிலிருந்து அந்த மலை மனசை விட்டுப் போகவில்லை.

இந்த அக்டோபரில் மூன்று பேர் போகலாம் என்றிருக்கிறோம். காத்மாண்டு நிறுவனம் ஒன்று 14 நாள் திட்டம் அனுப்பியிருக்கிறது. முதல் நாள் காத்மாண்டு. 2ஆம் நாள் லுக்லாவுக்குப் பறந்து பாக்டிங். 3, 4 நாம்சே. 5 தெங்போச்சே. 6 டிங்போச்சே. 7 சுக்குங். 8 மலையின் அடிவார முகாம், அன்று மதியமே பயிற்சி. 9 உச்சி, அன்றே சுக்குங்குக்கு இறக்கம். 12ஆம் நாள் லுக்லா, 13 காத்மாண்டு, 14 ஊர்.

எனக்கு 34 வயது, நண்பருக்கு 36. மூன்றாமவர் என் மாமா, 51. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் வெள்ளியங்கிரி ஏழு மலையும் வருடம் தவறாமல் ஏறுகிறவர். கயிறு, கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் இரும்பு முள்), ஜூமார் (கயிற்றைப் பிடித்து ஏற உதவும் கருவி) எதையும் நாங்கள் தொட்டதே இல்லை. விலை மற்ற நிறுவனங்களைவிடக் கணிசமாகக் குறைவு. அடுத்த வாரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அதற்குள் அனுபவசாலிகள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

தேனி_மலையன் எழுதியது:

தம்பி, முன்பணம் கட்டாதீர்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

இந்த மலையில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2017-ல் திரும்பி வந்தேன், 2019-ல் ஏறினேன். முதல் முறை எனக்குக் கொடுத்த திட்டமும் ஏறக்குறைய உங்களுடையதுதான். அதனால் உங்கள் பட்டியலைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

தூங்கும் உயரத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். நாம்சே 3,440 மீட்டர், தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, சுக்குங் 4,730, அடிவார முகாம் சுமார் 5,100. மறுநாள் உச்சி 6,189. 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் பெரிய தப்பில்லை. நாம்சேக்குப் பிறகு ஒரு ஓய்வு நாள்கூட இல்லாமல் அடுக்கியிருக்கிறார்களே, தப்பு அங்கேதான் இருக்கிறது.

2017-ல் எனக்கு என்ன ஆனது தெரியுமா? முகாமில் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. இரவு ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். பாறை முடிந்து பனி தொடங்கும் இடத்தில், 5,800 மீட்டர் வாக்கில், உட்கார்ந்து கிராம்பான் மாட்ட வேண்டும். வாரை வளையத்துக்குள் விட வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. விரல் வேலை செய்கிறது, வார் கையில் இருக்கிறது, வளையம் கண் முன்னால் தெரிகிறது. ஆனால் எதை எதற்குள் விடுவது என்று மூளைக்கு எட்டவில்லை. எங்கள் ஷெர்பா வழிகாட்டி என் நெற்றி விளக்கைத் திருப்பி முகத்தைப் பார்த்தார். "தாய், கீழே போகிறோம்" என்றார். அங்கே தாய் என்றால் அண்ணன். அந்த மனிதர் அப்போது அந்த முடிவை எடுத்ததால்தான் இதை இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் யோசியுங்கள். இந்த மலையில் 1953-ல் முதலில் ஏறியவர்கள், அந்த வருடம் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் அணிக்காரர்கள். டென்சிங்கும் அவர்களோடு இருந்தார். உயரத்துக்கு உடம்பைப் பழக்கவும் பயிற்சிக்காகவும்தான் இதில் ஏறினார்கள். அந்த அணியே பழகுவதற்கென்று வாரக்கணக்கில் நாள் ஒதுக்கியது. ஊரிலிருந்து நேராக வருகிற நமக்கு எட்டு நாள் எப்படிப் போதும்?

அப்புறம், உச்சிக்கு மாற்று நாள் கிடையாது. 9ஆம் நாள் காற்று பலமாக அடித்தால் அவ்வளவுதான், மலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். லுக்லாவுக்கும் மாற்று நாள் இல்லை. மேகம் இறங்கினால் அந்தச் சின்ன ஓடுபாதையில் விமானமே இறங்காது, இரண்டு நாள், மூன்று நாள் மாட்டிக்கொள்வது அங்கே சகஜம். அக்டோபர் கூட்டத்தில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேச்சாப்பிலிருந்துதான் கிளம்பும். நள்ளிரவில் எழுந்து நாலைந்து மணி நேரம் ஜீப்பில் போக வேண்டும். இதை உங்களிடம் சொன்னார்களா?

சிங்கை_முருகு எழுதியது:

மலையன் சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. நான் 15 நாளில் ஏறி இறங்கினேன், ஒரு தலைவலிகூட வரவில்லை. எல்லோருக்கும் 20 நாள் விடுப்பு எங்கே கிடைக்கிறது? நாளைக் கூட்டிக்கொண்டே போனால் வேலை செய்கிற யாருமே மலை ஏற முடியாது. உடம்பு ஒத்துழைக்கிறவர்கள் முயற்சி செய்யட்டுமே.

தேனி_மலையன் எழுதியது:

முருகு, ஒரே ஒரு கேள்வி. அதற்கு முந்தைய மாதம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

சிங்கை_முருகு எழுதியது:

லடாக்கில். வேலை விஷயமாக மூன்று வாரம் லே நகரத்தில் தங்கியிருந்தேன். அங்கிருந்து டில்லி வந்து நேராக நேபாளம்.

சரி, புரிகிறது. லே 3,500 மீட்டர். நாம்சேக்கு நான் போய்ச் சேரும்போதே உடம்பு பழகியிருந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் எழுதிவிட்டேன். கார்த்தி, என் 15 நாளை உங்கள் 14 நாளோடு ஒப்பிடாதீர்கள்.

கோவை_கார்த்தி எழுதியது:

அண்ணா, கிராம்பான் மாட்ட முடியாமல் போனதைப் படித்துவிட்டு மாமாவிடமும் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எத்தனை நாள் இருந்தால் சரி? வெள்ளியங்கிரியில் வாரா வாரம் ஏறினால் உயரத்துக்குப் பழகுமா?

தேனி_மலையன் எழுதியது:

கால் பழகும், மூச்சு பழகும். உயரத்துக்குப் பழகாது தம்பி. தமிழ்நாட்டின் உச்சி தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீங்கள் விமானத்தை விட்டு இறங்கும் லுக்லாவே அதைவிட உயரம். உடம்பு எத்தனை வலுவாக இருந்தாலும் உயர நோய்க்கு அது தெரியாது. வலுவானவர்கள் வேகமாக ஏறி மாட்டிக்கொள்வதும் உண்டு.

நான் 2019-ல் போன திட்டம் 19 நாள். டிங்போச்சேயில் இரண்டு இரவு. நடுவில் வரும் பகலில் பின்னால் இருக்கும் நாங்கர்சாங் முகட்டுக்கு ஏறி, 5,000 மீட்டரைத் தொட்டுவிட்டு, தூங்கக் கீழே வந்தோம். சுக்குங்கில் இரண்டு இரவு. அங்கே சுக்குங் ரி, சுமார் 5,550 மீட்டர், பகலில் ஏறி இறங்கினோம். அடிவார முகாமில் இரண்டு இரவு, ஒரு முழு நாள் கயிற்றுப் பயிற்சி. பிறகு உச்சி. அதற்கு ஒரு மாற்று நாள், லுக்லாவுக்கு ஒரு மாற்று நாள். உச்சிக்கான மாற்று நாள் எங்களுக்குத் தேவைப்பட்டது. முதல் இரவு கூடாரத் துணி கிழிந்துவிடும்போல் காற்று. மறுநாள் இரவு ஒரு இலை அசையாத அமைதி.

அக்டோபர் என்றால் வானம் தெளிவாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வங்கக் கடலில் புயல் சீசனும் அதுதான். 2014 அக்டோபர் 12-ல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை ஏறியது. இரண்டு நாள் கழித்து அதன் மிச்சம் அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. தோராங் லா கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் கடற்கரைக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் அங்கே மேலே ஏறாதீர்கள். மாற்று நாள் கையில் இருப்பவரால்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

பனிமலர் எழுதியது:

நான் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தவள். விடுப்பு கிடைத்தால் அதைச் செய்துவிட்டுப் போவதுதான் சிறந்த வழி. டார்ஜிலிங், மணாலி நிறுவனங்களிலும் இதே மாதிரி பயிற்சி உண்டு. முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐலண்ட் பீக்கின் கடைசிக் கட்டத்தில் ஒரு பனிச்சுவர் இருக்கிறது. சில இடங்களில் 50 டிகிரி சரிவு. ஷெர்பாக்கள் கட்டிவைத்த கயிறு தொங்கும். அதில் ஜூமாரை மாட்டி மேலே தள்ளி, காலை உதைத்து ஏறி, மறுபடி தள்ள வேண்டும். கேட்க எளிதுதான். சிக்கல் எங்கே வருமென்றால், கயிறு ஒரே நீளமாக இருக்காது. நடுநடுவே பனியில் அடித்த ஆணியில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஜூமார் அந்த முடிச்சைத் தாண்டாது. கழற்றி மேலே மாட்ட வேண்டும். கழற்றும் அந்த நொடியில் உங்களைப் பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது இருந்தாக வேண்டும். அதனால் முதலில் பாதுகாப்புக் காரபினரை (பூட்டு உள்ள உலோகக் கொக்கி) முடிச்சுக்கு மேலே உள்ள கயிற்றில் மாட்டுங்கள். பூட்டை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஜூமாரில் கை வைக்க வேண்டும். எப்போதும் ஏதாவது ஒன்று கயிற்றில் இருந்தே ஆக வேண்டும். இதை இரவு மூன்று மணித் தூக்கத்தில், தடித்த கையுறையோடு, மூச்சு வாங்க, பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது செய்ய வேண்டும். ஒரு மதியப் பயிற்சியில் மண்டைக்குப் புரியும், கைக்கு வராது.

கைக்கு வர வைக்க நான் செய்தது இது. எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் கீழிருந்து மேல்வரை ஒரு கயிறு கட்டினேன். நாலு இடத்தில் முடிச்சு. ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) போட்டு, ஜூமார், காரபினர் தொங்கவிட்டு, மோட்டார் சைக்கிள் கையுறையை மாட்டிக்கொண்டு தினம் 20 தடவை ஏறி இறங்கினேன். பத்து நாள் கழித்து விளக்கை அணைத்துவிட்டுச் செய்தேன். அம்மா முதலில் பயந்தார், பிறகு முடிச்சுகளை எண்ணத் தொடங்கினார். ஒரு மாதம் செய்யுங்கள். அங்கே போனதும் தன்னால் கை போகும். இறங்குவதற்கு எட்டு வடிவ வளையத்தில் கயிற்றைப் போடுவதையும் சேர்த்தே பழகுங்கள். ஏறும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். இறங்கும்போது உடம்பும் மனசும் தளர்ந்திருக்கும், அப்போதுதான் கை தவறும்.

கிராம்பானை மட்டும் ஊரில் பழக முடியாது. அதற்காகவே அடிவார முகாமில் முழு நாள் வேண்டும்.

கோவை_கார்த்தி எழுதியது:

அக்கா, இன்றே கயிறு வாங்கப் போகிறேன். மாடிப்படி இருக்கிறது, அம்மாவும் இருக்கிறார், எண்ணிவிடுவார்.

யாழினி_மருத்துவர் எழுதியது:

மாமாவைப் பற்றிக் கேட்டீர்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அது மட்டுமே தடை இல்லை. ஆனால் மேலே போனதும் முதல் சில நாள் அழுத்தம் கூடும். எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது முக்கியம். பீட்டா தடுப்பான் வகை என்றால் ஏறும்போது இதயத் துடிப்பு கூட வேண்டிய அளவு கூடாது. சிறுநீர் போக்கும் வகை என்றால் நீரிழப்பு வரும், அதோடு உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையும் சேர்ந்தால் கவனம் தேவை. அவருடைய இதய மருத்துவரிடம் உயரத்தை மீட்டரில் சொல்லிக் கேளுங்கள். "மலைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் கொடைக்கானலை நினைத்துக்கொள்வார்.

டயமாக்ஸ் அளவு பொதுவாக 125 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். இந்த மாத்திரை பழகுவதற்கு உதவும், ஓய்வு நாளுக்கு ஈடாகாது.

ஆபத்தை அடையாளம் காண ஒரு சோதனை சொல்கிறேன், மூவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தரையில் ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் இருமினால், நுரையீரல். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. இரவானாலும் கீழே இறக்க வேண்டும், துணைக்கு ஒருவர் கூடவே போக வேண்டும். ஆக்சிமீட்டர் எடுத்துப் போங்கள், ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டிங்போச்சேயில் 80களில் காட்டுவது வழக்கமானதே. ஆள் எப்படி இருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

டிங்போச்சேக்கு மேடு தாண்டினால் பெரிச்சே. அங்கே 1973-ல் தொடங்கிய இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மருத்துவர்கள் இருப்பார்கள், மதியம் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். ஓய்வு நாளில் போய்க் கேளுங்கள்.

செந்தில்_74 எழுதியது:

காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். கயிறு, கிராம்பான் பயன்படுத்தும் மலையேற்றத்தைத் தனியாக விலக்கியிருப்பார்கள். 6,200 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உட்பட, எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "எல்லாம் வரும் சார்" என்பது செல்லாது.

ஹெலிகாப்டர் பற்றி இன்னொன்று. லேசான தலைவலி என்று சொன்னதற்கே என்னை ஏற்றி அனுப்பப் பார்த்தார் நான் போன நிறுவனத்தின் ஆள். "காப்பீடுதானே கொடுக்கப்போகிறது" என்றார். மறுத்துவிட்டு 500 மீட்டர் நடந்தே இறங்கினேன், தலைவலி போய்விட்டது. இந்தப் போலி மீட்பு விவகாரம் பெரிதாகி 2018-ல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. உண்மையான ஆபத்தில் தயங்காமல் அழையுங்கள். மற்ற நேரத்தில் அவசரப்படுத்தினால் "முதலில் நடந்து இறங்குகிறேன்" என்று சொல்லுங்கள்.

தேனி_மலையன் எழுதியது:

விலை குறைவு என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். அனுமதிக் கட்டணம், விமானம், விடுதி எல்லாம் எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைக்க முடிந்தது மூன்றுதான்: நாட்கள், வழிகாட்டிகளின் எண்ணிக்கை, சுமை தூக்குகிறவர்களின் கூலி. அதனால் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள். உச்சி நாளில் எத்தனை பேருக்கு ஒரு ஏறும் வழிகாட்டி? இரண்டு பேருக்கு ஒருவர் என்பதற்கு மேல் சம்மதிக்காதீர்கள். உங்களோடு லுக்லாவிலிருந்து நடந்து வருபவர் ஒருவர், மேலே கயிறு பிடிப்பவர் வேறொருவர் என்றால், அந்த இரண்டாமவர் யார், நேபாள மலையேற்றச் சங்கத்தின் சான்றிதழ் பெற்றவரா? அவர் திரும்பச் சொன்னால் அது இறுதி முடிவா?

சுமை தூக்கும் தம்பிகளைப் பற்றியும் கேளுங்கள். ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் கூடாது. ஆளுக்கு 15 கிலோ என்று கட்டினால் இரண்டு பேர் பைக்கு ஒருவர் சரியாக வரும். லுக்லா விமானத்திலும் 15 கிலோதான் விடுவார்கள். அவர்களுக்குக் காப்பீடு உண்டா, படுக்க இடம் உண்டா, பனிக்கு ஏற்ற செருப்பும் சட்டையும் உண்டா? 2017-ல் எங்கள் பையைத் தூக்கி வந்த பையன் துணிச் செருப்போடு சுக்குங் வந்தான். நான் அதைக் கவனித்ததே திரும்பி வந்து படங்களைப் பார்த்தபோதுதான். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மலிவு விலைக்கான மீதியை அவன் கால் கட்டியது.

மீனா_ராஜபாளையம் எழுதியது:

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. நாம்சேக்கு மேல் இறைச்சி வேண்டாம், அங்கே வெட்டுவதில்லை, கீழேயிருந்து நாள்கணக்கில் முதுகில் வருகிறது. தால் பாத் (பருப்பும் சோறும்) கேளுங்கள், மறுபடி மறுபடி வைப்பார்கள். 4,500 மீட்டருக்கு மேல் வாய்க்கு எதுவும் பிடிக்காது. எங்களைக் காப்பாற்றியது வீட்டுப் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும்தான். உச்சி நாளுக்குக் கடலை மிட்டாய், உள் சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி. வெளிப்பையில் வைத்தால் கல்லாகிவிடும்.

தண்ணீருக்கு உறிஞ்சு குழாய்ப் பையை நம்பாதீர்கள், குழாய் உறைந்துவிடும். அகல வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டு, தலைகீழாக வையுங்கள். மேலேயிருந்துதான் உறையும். தலைகீழாக இருந்தால் உறைவது அடிப்பக்கம், மூடி திறக்கும்.

கோவை_கார்த்தி எழுதியது:

மன்னிக்க வேண்டும், பத்து நாளாக வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த நிறுவனத்திடம் அண்ணா சொன்ன கேள்விகளை அனுப்பினேன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வழிகாட்டி, பெயர் காத்மாண்டு வந்ததும் தெரியும் என்றார்கள். கூலி, காப்பீடு பற்றிப் பதிலே இல்லை. முன்பணம் கட்டவில்லை. இன்னொரு நிறுவனம் இரண்டு வழிகாட்டிகள், அவர்களுடைய சான்றிதழ், சுமைக்காரர் காப்பீட்டு நகல் எல்லாம் கேட்ட அன்றே அனுப்பியது. விலை கூடுதல்தான். 19 நாள்.

இந்த அக்டோபரில் நண்பருக்கு 19 நாள் விடுப்பு இல்லை. அதனால் அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டோம். இரண்டு வருட விடுப்பையும் சேர்த்து எடுக்கிறார்.

மாமா இதய மருத்துவரிடம் போனார், ஓட்டச் சோதனையெல்லாம் செய்தார்கள். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். மாமாவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: "சுக்குங் ரி வரை வருகிறேன். அங்கே உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து, வழிகாட்டி சொன்னால் மேலே. இல்லாவிட்டால் சுக்குங்கில் உட்கார்ந்து உங்கள் விளக்கு ஏறுவதைப் பார்க்கிறேன்." மாடிப்படிக் கயிற்றில் எங்கள் மூவரில் இப்போது அவர்தான் வேகம்.

ஒரு கடைசிக் கேள்வி. டபுள் பூட் (பனிமலைக்கான இரட்டை அடுக்குக் காலணி) இங்கே வாங்குவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

பனிமலர் எழுதியது:

வாடகைக்கே எடுங்கள், காத்மாண்டு தமேலில் நிறையக் கடைகள். சுக்குங்கிலும் கிடைக்கும், ஆனால் உங்கள் அளவு மிச்சமிருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் நாளே போங்கள். நீங்கள் உச்சி நாளில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கடையின் படிக்கட்டில் கீழே இறங்கிப் பாருங்கள், விரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரிதாகக் கேளுங்கள். கிராம்பானையும் அந்தக் கடையிலேயே அந்தக் காலணியில் மாட்டி, உதறிப் பாருங்கள். அசைந்தால் வேறு வேண்டும். மாமாவுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.